நாலு ஆணியில் ஒன்று

பள்ளிவாசல்துறை
வெள்ளிக்கிழமை காலை

அஸ்ஸலாமு அலைக்கும்.

அலீமா, எப்படி இருக்கிறாய்? தரை கழுவும் மருந்து பட்டுக் கைத்தோல் உரிகிறது என்று போன வெள்ளிக்கிழமை சொன்னாயே, ஆறிவிட்டதா? கையுறை வாங்கித் தருகிறேன் என்ற மெடம் வாங்கித் தந்தாளா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நான், உன் உம்மா, மகள் ஸஹ்றா மூன்று பேரும் சுகம். சுகம் என்றால் முழுச் சுகம் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயந்துவிடாதே. யாரும் மவுத்தாகவில்லை. கண்ணைக் கொண்டுபோன புற்றுநோயும் திரும்பி வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக வாசி.

போன் இருக்கிற காலத்தில் இந்த மனிசன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம்தான் உனக்குப் போன். அதில் பாதி உன் உம்மாவின் முழங்காலுக்குப் போகும். மீதி ஸஹ்றாவின் பள்ளிக்கூடத்துக்கு. போனை ஸஹ்றாதான் பிடித்திருப்பாள், கேட்டாலும் தர மாட்டாள். உன் பக்கத்தில் மெடம் நிற்கிறாள். என் பக்கத்தில் உன் உம்மா, என் மாமி, காதைக் கொண்டுவந்து நுழைக்கிறா. இவ்வளவு பேருக்கு நடுவில் ஒரு மனிதன் உண்மை சொல்ல முடியுமா? பொய் சொல்லலாம், அதற்கு நல்ல வசதி. அதைத்தான் நான் ஏழு வெள்ளிக்கிழமையாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

நம்ம அஸ்மின் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். இதை உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த மாதம் முடிவதற்குள் நீ மெடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், ஊருக்குப் போகிறேனா, இன்னும் இரண்டு வருஷம் நிற்கிறேனா என்று. என் முகத்தை வைத்துத்தான் அந்தப் பதிலைச் சொல்லப்போகிறாய். அதனால் என் முகத்தின் உண்மை உனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு நீ போன் எடுத்ததும் ஒன்றே ஒன்று சொல்வேன். அஸ்மின் வரும்வரைக்கும் மெடத்திடம் வாயைத் திறக்காதே என்பேன். ஏன் என்று கேட்காதே. ஏன் என்பதெல்லாம் இங்கே இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். நீ குவைத்துக்குப் போய் மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு ரப்பர் கண் செய்து தந்தது உனக்குத் தெரியும். கண், இமை, புருவம், கண்ணுக்குக் கீழே வெட்டி எடுத்த சதை, எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. நல்ல வேலைப்பாடு. என் தோல் நிறத்தையே கலந்து எடுத்திருந்தார்கள். பசை பூசி ஓட்டையை மூடி ஒட்ட வேண்டும். கொழும்பில் ஒட்டினால் நிற்கும். நம்ம ஊர் உப்புக் காற்றுக்கும் வேர்வைக்கும் நிற்குமா? ஒரு ஜும்ஆவுக்குப் பள்ளி ஹவுள் தொட்டியில் குனிந்து முகம் கழுவி ஒளுச் செய்யும்போது கழன்று தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. மாமி இதைப் பாதிதான் உனக்குச் சொல்லியிருப்பா. மீதியைக் கேள். அது அடியில் போய் மல்லாந்து கிடந்து எங்கள் எல்லோரையும் மேலே பார்த்தது. பாசி தின்ன விட்டிருக்கிற மீன்கள் அதைச் சுற்றி வந்து கொத்திப் பார்த்தன. பக்கத்தில் ஒளுச் செய்துகொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். ஹிஸ்புல்லாதான் சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டு எடுத்துத் தந்தான். "காக்கா, இவ்வளவு நாளும் நீங்க எங்களப் பாத்தீங்க, இண்டைக்கு உங்கட கண்ணு தனியா நிண்டு பாக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கேலி செய்யவில்லை, அந்த இடத்தில் யாராவது சிரிக்கத் தொடங்க வேண்டியிருந்தது.

ஹிஸ்புல்லா என்றால் கண்டக்குழியில் லொட்ஜ் வைத்திருக்கிறானே, உன் பெரியப்பாவின் பேரன், அவன்தான். வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போக அவனிடம் இப்போது மூன்று போட் இருக்கிறது. அந்தப் போட்டுகளின் பைபர் வேலை எல்லாம் நான் செய்ததுதான். கண் போன பிறகு பைபர் அராவுகிற தூசு அந்த ஓட்டைக்குள் போகக்கூடாது என்று டொக்டர் அந்தத் தொழிலை நிறுத்திவிட்டார். அப்போது ஹிஸ்புல்லாவாகவே வந்து சொன்னான், "முகம் சரியாகட்டும் காக்கா, ஒரு போட்ட நீங்களே ஓட்டுங்க, உங்களுக்குத் தெரியாத கடலா" என்று. முகம் சரியாகட்டும் என்று அவன் சொன்னதில் பிழை இல்லை. காசு கொடுத்துக் கடல் பார்க்க வருகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டா வருவார்கள்? எனக்கு வேலை கிடைத்தால் நீ வரலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டதும் அன்றைக்குத்தான்.

இதற்கு நடுவில் கழுதைக் கதை ஒன்று இருக்கிறது. மாமிக்கும் அந்தக் காது கிழிந்த கழுதைக்கும் பகை முற்றிவிட்டது. வேலிக்குள்ளே தலையை விட்டு ஸஹ்றாவின் விஞ்ஞானக் கொப்பியைத் தின்றுவிட்டது. "படிச்ச கழுதையாப் போயிட்டு, இனி ஒன்னய வேலிக்க எடுக்க ஏலாது" என்று மாமி அதோடு அரை மணித்தியாலம் வாயடித்தா. அதுவும் நின்று கேட்டது. சரி, விடு. எழுத வந்ததை எழுதப் பயந்துதான் கழுதையைக் கூப்பிட்டேன்.

பசை இழுத்ததில் கரண்ட் பிடித்த தோல் உரிந்து வரத் தொடங்கியது. நோய் வேரோடு சாகட்டும் என்று முப்பது நாள் மெஷினுக்குக் கீழே கிடத்தி அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் பிடித்தார்களே, அந்தத் தோல். இனி பசை வேண்டாம், எலும்பில் ஆணி வைத்து அதில் ரப்பர் கண்ணைப் பூட்டலாம் என்றார் டொக்டர். பெண் டொக்டர், சிங்களம். நான் கடைச் சிங்களம்தான் பேசுவேன், எலும்புச் சிங்களம் தெரியாது. அங்கே தவமலர் என்று ஒரு நர்ஸ் இருக்கிறா, உடப்பு ஊர்த் தமிழ்ப் பிள்ளை, அவதான் எனக்கு எல்லாம் தமிழில் சொல்வா.

அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நானா, மத்த உலோகமெல்லாம் வெச்சா எலும்பு வேத்தாளப் பாத்த மாதிரி சுத்திச் சவ்வு கட்டி ஒதுக்கி வெச்சிரும். டைட்டேனியம் எண்டு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் எலும்பு வேத்தாள் எண்டு நினைக்காது. பசையும் இல்ல, சீமெந்தும் இல்ல. எலும்பே வளந்து வந்து ஆணிப் புரிக்குள்ள பூந்து இறுக்கிப் பிடிக்கும். ஆறு மாசம் அசையாம விடணும்." நான் சொன்னேன், "மிஸ், நான் மன்னாரில இருந்து ஒம்பது வயசில அகதியா வந்து கரைத்தீவுல வளந்தவன். பள்ளிவாசல்துறைக்கு மாப்புளயா வந்து எங்கட மாமிக்கு என்னைப் பிடிக்க ஆறு வருஷம் போச்சு. ஆறு மாசம் பெரிய விஷயமில்ல" என்று. தவமலர் அதைச் சிங்களத்தில் சொல்ல டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகு சொன்னதை நான் உனக்குச் சொல்லவில்லை. நோயைக் கொன்ற கரண்ட் எலும்புக்குள் ஓடுகிற சின்ன இரத்த நாளங்களையும் காய வைத்துவிடுமாம். இரத்தம் ஓடாத எலும்பு வளராது. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு தடிப்பு, அங்கே வைத்தால் அநேகமாகப் பிடிக்கும். கண் குழியைச் சுற்றி உள்ளது மெல்லிசு, அதிலும் கரண்ட் பட்டது, பாதிக்குப் பாதிதான் சொல்லலாம் என்றார். உனக்குப் போனில் ஆறு மாசம் என்பதைச் சொன்னேன். பாதிக்குப் பாதி என்பதை விழுங்கிவிட்டேன். முதலாவது பொய் அதுதான். அதைப் பொய்க் கணக்கில் சேர்ப்பாயோ தெரியாது.

நாலு ஆணி வைத்தார்கள். புருவத்து எலும்பில் மூன்று, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் பொட்டுப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நெல்லின் நீளம்கூட வராது. மேலே தோலை மூடித் தைத்துவிட்டார்கள். மாமி அன்றைக்கு வாசலில் நின்று என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "மாப்புள, மண்டைக்குள்ள இரும்பு வெச்சிக்கிட்டுத் தென்னை மரத்துக்குக் கீழ நிக்காதீங்க, இடி தேடி வரும்" என்றா. இரும்பில்லை மாமி என்றேன். "இடிக்கு அது தெரியுமா" என்று கேட்டா.

ஆறு மாசமும் நெற்றியில் எதுவும் அழுத்தக்கூடாது என்பது கட்டளை. பாரம் தூக்கக்கூடாது, பீடி கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக்கூடாது. நெற்றியில் அழுத்தக்கூடாது என்றால் சுஜூது செய்ய முடியாது. மௌலவியிடம் கேட்டேன், கதிரையில் இருந்து தலையைச் சாடையாகக் குனிந்தால் போதும், நோயாளிக்கு அல்லாஹ் இலேசாக்கியிருக்கிறான் என்றார். பள்ளியில் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கிறதே, எழுபது வயதுக்காரர்களுக்கு, அங்கே போய் இருந்தேன். எல்லோரும் நிலத்தில் நெற்றி வைக்கும்போது கதிரைக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் மட்டும் தலை தெரிய இருப்போம். மற்றவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரியாக இருக்கும். தொழுகைக்குள் வந்தும் வாசலில் நிற்கிற மாதிரி. நாலு மாதம் அப்படி இருந்தேன். பீடியும் விட்டேன். ஒருநாளும் தவறவில்லை.

தவறிய ஒரு நாளைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். சாப்பிட்டும் ஆகிவிட்டது. மாமி பாரை மீன் ஆணம் காய்ச்சியிருந்தா. கிணற்றடியில் இருந்து எழுதுகிறேன், இங்கே யாரும் வர மாட்டார்கள்.

நாலாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ சொன்னாய், மெடம் சம்மதித்துவிட்டா, விரும்பினால் இந்த முறையோடு போகலாமாம் என்று. ஞாபகமா? நீ அழுதுகொண்டே சிரித்தாய். ஸஹ்றா போனைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். நான் எழும்பிப் போனேன், நினைவிருக்கும், "எங்க போறாரு இந்த மனிசன்" என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. கிணற்றடிக்குத்தான் வந்தேன். இந்த இடம்தான். எனக்கு டொக்டரும் நினைவில்லை, ஆணியும் நினைவில்லை. நீ வருகிறாய் என்பது மட்டும் இருந்தது. அப்படியே மணலில் விழுந்து அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஒரு சுஜூது செய்தேன். நெற்றி முழுதும் மண்ணில் பதிய. நாலு மாதம் நிலத்தைத் தொடாத நெற்றி அது, எழும்ப மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எழும்பும்போது புருவத்துக்குள் விண் என்றது. விரலை வைத்துப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தில் சொட்டு இரத்தம்.

அலீமா, இதை நீ உன் தலையில் போடாதே. நீ சொன்ன செய்தியில் குற்றமில்லை. நான் செய்ததிலும் குற்றமில்லை என்றுதான் டொக்டர் சொன்னார், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறாம் மாதம் தோலைத் திறந்து பார்த்தார்கள். விறைக்க ஊசி போட்டிருந்தார்கள், நோவு இல்லை. ஆனால் காது கேட்கும். ஒரு சின்னக் கம்பியால் ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் மணி மாதிரிக் கேட்கும் என்று தவமலர் சொன்னா. எனக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எஞ்சின் பூட்டுகிற பின்பலகையை எத்தனை போட்டில் தட்டிப் பார்த்திருக்கிறேன். பைபருக்குள் இருக்கிற பலகை நல்லதென்றால் 'டங்' என்று பதில் சொல்லும். தண்ணீர் ஊறியிருந்தால் 'தொப்' என்று வாயை மூடிக்கொள்ளும். அதில் எத்தனை போல்ட் இறுக்கினாலும் நிற்காது, எஞ்சின் ஒருநாள் நடுக்கடலில் கழன்று போகும். எத்தனை பேருக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், பலகை போயிற்று, வீணாகக் காசு செலவழிக்காதே என்று.

முதலாவதைத் தட்டினார். தொப் என்றது. என் மண்டைக்கு உள்ளே கேட்டது அலீமா, வெளியே இருந்தவர்களுக்கு அவ்வளவு கேட்டிருக்காது. இரண்டாவதும் தொப். டொக்டர் இரண்டு முறை தட்டினார், நான் முதல் தட்டிலேயே தெரிந்துகொண்டேன். மூன்றாவது நடுவில், டங்கும் இல்லை, தொப்பும் இல்லை. பொட்டுப் பக்கத்து நாலாவது மட்டும் பள்ளிக்கூட மணி மாதிரி அடித்தது. முதல் இரண்டையும் டொக்டர் கையாலேயே திருப்பிக் கழற்றி எடுத்துவிட்டார். போத்தல் மூடியைக் கழற்றுகிற பாடுகூட இருக்கவில்லை. தவமலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா, மூச்ச விடுங்க" என்றா. அப்போதுதான் நான் மூச்சு விடாமல் கிடந்தது எனக்குத் தெரிந்தது.

சுஜூது செய்ததைச் சொன்னேன். தவமலர் அதைச் சிங்களத்தில் டொக்டரிடம் சொன்னா. டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளில் கை வைத்தார். ஒரு தரம் நிலத்தில் நெற்றி வைத்ததற்கு ஆணி கழன்றதென்றால் அது முன்பே பிடிக்கவில்லை என்று அர்த்தம், கரண்ட் பட்ட எலும்பு, நீங்கள் கதிரையிலேயே இருந்திருந்தாலும் இப்படித்தான் என்றார். நல்ல மனுஷி. நோயாளியின் மனதுக்காகச் சொன்னாரோ, உண்மையாகவே அப்படித்தானோ, எனக்குத் தெரியாது. தொழும்போதெல்லாம் அந்த யோசனை வருகிறது. இப்போது சுஜூது செய்யத் தடை இல்லை. நெற்றியை வைக்கிறேன், துஆ வருவதில்லை. இதுதானா, இதுதானா என்று மட்டும் ஓடுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை நீ கேட்டாய், "என்னவாம், பிடிச்சிட்டாமா?" என்று. ஸஹ்றா போனை என் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன், பொட்டுப் பக்கத்து ஆணி நல்லாப் பிடித்துவிட்டது, பள்ளிக்கூட மணி மாதிரி அடிக்கிறதென்று டொக்டர் சொன்னார் என்று. அது உண்மை. மற்ற மூன்றையும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று நீ ஏழெட்டுத் தரம் சொன்னாய். பிறகு கடைத்தெரு, பெட்டி, ஸஹ்றாவுக்குச் சப்பாத்து என்ன அளவு என்று கதை போய்விட்டது. இனி எந்த இடத்தில் நிறுத்தி அந்த மூன்று ஆணியைக் கொண்டுவருவது?

அந்த நடுவில் நின்ற மூன்றாவது மூன்று கிழமைக்கு முன்னால் போய்விட்டது. காலையில் பாணும் பருப்பும் தின்றுகொண்டிருந்தேன். புருவம் ஒரு கிழமையாகச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. குனிந்தேன், பீங்கானில் டிக் என்று ஒரு சத்தம். "பருப்பில கல்லு, ஒழுங்கா அரிக்கத் தெரியாதா ஒனக்கு" என்று மாமி ஸஹ்றாவை ஏசத் தொடங்கிவிட்டா. நான் ஆணியை எடுத்து ஸஹ்றா காணாமல் மாமிக்குக் காட்டினேன். உன் உம்மா பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பீங்கானை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினா. திரும்பி வந்து ஸஹ்றா அந்தப் பக்கம் போகும்வரை பார்த்து நின்று, "மாப்புள, இத அவளுக்குச் சொல்லாதீங்க. சொன்னா அவ வரமாட்டா. வந்த பொறகு தெரிஞ்சா தெரியட்டும், ஏசினா ஏசட்டும். எனக்கு ஒரு தரம் அவளப் பாக்கோணும்" என்றா. மாமி என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஏசியிருக்கிறா, ஏவியிருக்கிறா, கேட்டதில்லை. அதனால்தான் பிந்தியது. அவவின் சொல்லை மீறி இதை எழுதுகிறேன். நீ கடிதம் கிடைத்ததைப் போனில் சொல்லிக்கொள்ளாதே.

போன செவ்வாய்க்கிழமை கடைசிக் கிளினிக். கொழும்பு பஸ்ஸில் என் பக்கத்து சீட் சிலாபம் வரைக்கும் வெறுமையாகத்தான் இருந்தது, நின்றவர்கள் நின்றபடியே வந்தார்கள். அதெல்லாம் பழகிவிட்டது, கால் நீட்டலாம். டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தவமலரிடம் மெதுவாகச் சொன்னார். தவமலர் என்னிடம் சொல்ல எடுத்த நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

இனி ஆணி வைக்கமாட்டார்கள். அந்த எலும்பில் இன்னொரு துளை போட்டால் எலும்பே செத்து உதிரத் தொடங்கலாமாம். ஒரு ஆணியில் முகத்தைப் பூட்ட ஏலாது, குறைந்தது இரண்டு மூன்று வேண்டும், ஒன்றில் பூட்டினால் சுழன்று சுழன்று அதையும் கழற்றிவிடும். அப்படியென்றால் அந்த ஒன்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். எடுக்க ஏலாதாம். எலும்பு அதைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டுவிட்டது. எலும்பை வெட்டினால்தான் வரும். மேலே தோலை மூடித் தைத்துவிட்டார்கள். "கடைசி வரைக்கும் உங்களோட இருக்கும் நானா, ஒரு கரைச்சலும் தராது" என்றா தவமலர். அவ்வளவு நல்லாப் பிடித்திருக்கிறது, பூட்டத்தான் ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடியில் பொருத்துகிற மாதிரி ஒன்று செய்யலாமா என்றும் கேட்டேன். கண்ணாடி தாங்குகிற அளவில் இல்லை, ஓட்டை பெரிது என்றார்கள். கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளலாம், அது சுகமான வழி என்றார்கள்.

வருகிற வழியில் கண்டக்குழிக்குப் போய் ஹிஸ்புல்லாவிடம் சொன்னேன். அவன் எனக்குத் தேத்தண்ணி தந்தான், பிஸ்கட் தந்தான். "அப்ப பாப்பம் காக்கா" என்றான். அதைக் கடலைப் பார்த்துச் சொன்னான். பட்டங்களைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் தண்ணீருக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் அவனுக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது இலேசாக இருந்தது.

ஸஹ்றாவுக்கு இன்னும் தெரியாது. ஒரு ஆணி பிடித்தால் மற்றதும் பிடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். புதுக் கண் வரும்வரைக்கும் என்று சொல்லி உன் பழைய ஹபாயாவை வெட்டி எனக்குக் கண் மூடுகிற துணி தைத்துத் தந்தாள், ஓரத்தில் மடித்துத் தையல் போட்டு. நல்ல தையல், உன் கைதான். நீ வந்து படுக்க இடம் வேண்டுமென்று அலுமாரியைத் தள்ளி வைத்திருக்கிறாள். நாள் போகப் போக எனக்கு அந்த அறைக்குள் போகப் பயமாக இருக்கிறது.

இவ்வளவுதான் உண்மை. நாலில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு நீ முடிவு எடு என்று விட்டுவிட ஏலாது, என் வாயாலேயே சொல்கிறேன். நீ வர வேண்டாம் அலீமா. நிற்கிறேன் என்று மெடத்திடம் சொல். ஸஹ்றாவுக்கு அடுத்த வருஷம் ஓ.எல். பரீட்சை. எனக்கு யாரும் வேலை தரப்போவதில்லை, பைபர் வேலைக்கும் போக ஏலாது. நீ வந்தால் எல்லோரும் சேர்ந்திருந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், எனக்கு ஒரு கண்தானே, இன்னும் கெதியாகப் போகும். சிரித்துவிடு. மாமியின் முழங்காலுக்குப் புத்தளத்தில் எண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவ சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. வயது போனவர்கள் சொல்வார்கள்.

ஓட்டையைக் கழுவுகிறேனா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாயே. கழுவுகிறேன். நீ இருந்தபோது விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பானைக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துக் கழுவுவாய். ஒருநாளும் முகத்தைச் சுளிக்கவில்லை. வேறு ஆள் என்றால் சுளித்திருப்பார்கள், நானே சுளிக்கிறேன். ஸஹ்றா செய்கிறேன் என்றாள், விடவில்லை. கண்ணாடியைப் பார்த்து நானே செய்கிறேன். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும், பஞ்சு வேறெங்கோ போய்க் குத்தும். அது ஒன்றும் பெரிதில்லை. உன் கை பட்டால் நோகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அஸர் தொழுதுவிட்டு வந்து இருக்கிறேன். வெயில் சாய்ந்துவிட்டது, இனி நீ எடுக்கிற நேரம். கடிதத்தை முடிக்க வேண்டும். அல்லாஹ் உன் கையை ஆற்றி வைக்கட்டும். மெடத்தின் மனதில் உன்மேல் இரக்கத்தைப் போடட்டும். அந்நிய வீட்டில் உன்னை யாரும் கைநீட்டாமல், வாய்நீட்டாமல் காப்பாற்றட்டும். இரண்டு வருஷமானாலும் நாலு வருஷமானாலும் நீ போன மாதிரியே உன்னை எங்களிடம்

ஸஹ்றா கூப்பிடுகிறாள். போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கே ஓடி வருகிறாள். "வாப்பா, உம்மா மெடத்துக்கிட்டச் சொல்லிட்டாவாம், நிக்கல்லயாம், வாறாவாம், டிக்கட்டும் போடச் சொல்லிட்டாவாம்" என்று கத்திக்கொண்டு வருகிறாள். உள்ளே மாமி சத்தம் போட்டு அழுகிறா. அலீமா, நீ லைனில் இருக்கிறாயாம், என்னைக் கேட்கிறாயாம், நான் இப்போது உன்னிடம்